வெத்தல டப்பாவுல ஜொர மாத்திரை

பொன்னுரங்கம்: ...மாத்திரையாமே அது? கோலமாவு!

மங்கம்மா: இன்னாய்யா, போட்டுலேர்ந்து எறங்கி வூட்டுக்குள்ள வரல, அதுக்குள்ள...

பொன்னுரங்கம்: உங்க கம்பெனி ஜொர மாத்திரையத்தான் சொல்றேன். நடுக்கடல்ல நம்ம ஜெயவேலுக்கு ஜொரம் தூக்கிப் போட்டுச்சி. "எம் பொண்டாட்டி செய்ற மாத்திரை, போட்டா பறந்துடும்"னு பெருசா சொல்லி எடுத்துக் குடுத்தேன். அவன் தொட்டதும் பொடிப்பொடியா... மொத்த போட்டும் சிரிச்சுது மே.

மங்கம்மா: உதிர்ந்துச்சா? வெளையாடாத.

பொன்னுரங்கம்: அம்மன் மேல ஆணை!

மங்கம்மா: யோவ், பயமுறுத்தாத. இந்த மாசம்தான் கம்பெனில என்னைத் தனியா கஞ்சி காய்ச்ச வுட்டுக்கீறாங்க. மாத்திரை உதிருதுன்னா மொதல்ல கஞ்சி காய்ச்சினவளத்தான் கூப்புடுவாங்க. திரும்பவும் டப்பா அடுக்கத்தான் போவணும்.

பொன்னுரங்கம்: தனியாவா? எங்கிட்ட சொல்லவே இல்ல!

மங்கம்மா: நெலச்சி நின்னப்புறம் சொல்லலாம்னு...

பொன்னுரங்கம்: சரி, மாத்திரைக்கு எதுக்கு மே கஞ்சி? வேட்டியா அது, மொடமொடன்னு நிக்க?

மங்கம்மா: மக்காச்சோள மாவுக் கஞ்சிய்யா. மருந்துத் தூள ஒண்ணா சேத்துப் புடிக்கிறதே அதான். தண்ணியா போனா உதிரும், கெட்டியா போனா கல்லாயிடும்... இரு. நீ வாங்கின அதே கடை மாத்திரை அட்டை இன்னொண்ணு வூட்ல கீது. இந்தா, பிரிச்சி, வெரலால ஒடச்சிப் பாரு.

பொன்னுரங்கம்: ம்... ம்ஹூம்... நகம்தான் போவும் போல கீது!

மங்கம்மா: வலை இழுக்குற கை! இப்ப அத இந்தத் தண்ணி கிளாசுல போடு.

பொன்னுரங்கம்: போட்டேன்... அய்ய, உப்புது மே... பொளந்துகினு... போச்சி! பாத்தியா, நான் சொல்லல?

மங்கம்மா: அப்டித்தான்யா ஒடயணும்! வயித்துக்குள்ள போயும் கல்லாவே கெடந்தா ஜொரம் எப்டி வுடும்? அதுக்குன்னே காஞ்ச மாவும் தனியா கலக்குறோம். தண்ணி பட்டா அது குடிச்சி உப்பி, உள்ளேர்ந்தே தள்ளி ஒடைக்கும்.

பொன்னுரங்கம்: அதே மாவு சேத்தும் புடிக்குது, பிரிச்சும் வுடுதா?

மங்கம்மா: காய்ச்சி ஊத்தினா புடிக்கும். காஞ்சதா போட்டா ஒடைக்கும்.

பொன்னுரங்கம்: அப்ப நீயேதான் அது. கரைக்கு வர்ற அன்னிக்கி ஒட்டிக்கினு நிப்ப, மறுநாளே என்னை ஒடச்சிப் போட்டுடுவ.

மங்கம்மா: பேச்ச மாத்தாத. அட்டைக்குள்ள ஈரம் போவாது. நீ எதுல வச்சிருந்த?

பொன்னுரங்கம்: ...வெத்தல டப்பாவுல.

மங்கம்மா: அட்டையோடவா?

பொன்னுரங்கம்: ...பிரிச்சி.

மங்கம்மா: பிரிச்சா! ஈர வெத்தல வச்ச டப்பா, பக்கத்துல மீனுக்குப் போட்ட ஐசு, மேல உப்புக்காத்து... அந்த மாவு டப்பாக்குள்ளவே தண்ணி குடிச்சிட்டுக்கீது! உதிர்த்தது நீ, பழி எங் கஞ்சிக்கா?

பொன்னுரங்கம்: அப்ப உன் கஞ்சி மேல ஒரு தப்பும் இல்ல?

மங்கம்மா: ஒரு சொட்டு இல்ல. வெளிய வுடுறதுக்கு முன்னாடி உதிருதான்னு உருட்டிப் பாக்குறாங்க, கரையுதான்னு தண்ணில முக்கிப் பாக்குறாங்க. எங் கஞ்சில செஞ்சது எதுவும் இன்னி வரைக்கும் திரும்பி வந்ததில்ல, தெரிஞ்சிக்கோ.

பொன்னுரங்கம்: அது போதும் மே! நாளைக்கே ஒரு கிளாசு தண்ணியோட அந்த ஜெயவேலு மூஞ்சிக்கு நேரா போய் நிக்கிறேன்.

மங்கம்மா: நில்லு, நில்லு. அது கெடக்கட்டும். ஏன்யா பிரிச்ச?

பொன்னுரங்கம்: ...கை ஈரம். அட்டை கிழிக்க வரல.

மங்கம்மா: நைலான் கயித்தயே பல்லால அறுக்குற ஆளு நீ. டப்பாவக் குடு.

பொன்னுரங்கம்: அது எதுக்கு இப்ப... கழுவிட்டுத் தரேன்.

மங்கம்மா: குடுன்றேன்ல... இன்னாய்யா, மூடி மேல பச்ச பெயிண்டு? போட்டுக்கு அடிச்சதா? இன்னாவோ எழுதிக்கீது... 'மங்... கம்மா...'

பொன்னுரங்கம்: அட்டைல கம்பெனி பேருதான் மே போட்டுக்கீறான், எவ்ளோ தேடியும் உம் பேரு இல்ல. அதான் பிரிச்சி இதுல கொட்டி, 'மங்கம்மா மாத்திரை'ன்னு நானே எழுதிட்டேன்... நீ டப்பா அடுக்கிக்கினு இருந்தப்பவே.