டிரெய்ட்டும் மீன் ஆணமும்

எட்டாம் வகுப்போடு நின்ற நான் கம்ப்யூட்டரைப் பற்றி எழுதுவதை மன்னிக்க வேண்டும். கோட்டுச்சேரி பஸ்ஸில் முன் சீட்டில் அக்காவும் தங்கையும் பேசியதைத்தான் எழுதுகிறேன். தங்கை கம்ப்யூட்டர் வேலைக்கு இன்டர்வியூ போய்க்கொண்டிருந்தாள். இன்டர்ஃபேஸுக்கும் டிரெய்ட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அங்கே கேட்பார்களாம்; அக்கா சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“மீன் ஆணம் வைக்கணும்னு சட்டம் மட்டும் போட்டா, அது இன்டர்ஃபேஸ். வைக்கிறது உன் பாடு. ஆக்குன ஆணத்தையே தூக்குல குடுத்துவிட்டா, அது டிரெய்ட்.”

“ரெண்டு டிரெய்ட்லேந்தும் ஆணம் வந்தா, லாத்தா?”

“உம்மா ஆணமா, மாமி ஆணமான்னு நீதான் சொல்லணும். அதுவரைக்கும் புரோகிராம் ஓடாது.”

“எங்க வூடும் அப்புடித்தான் நிக்கிது.”

“அங்க போயி ஆணம்னு சொல்லிடாதடி. குழம்புன்னு சொல்லு.”

“குழம்புன்னா நான் குழம்பிடுவேன் லாத்தா.”

மறுநாள் அதே பஸ்ஸில் தங்கை போனில் பேசிக்கொண்டு வந்தாள். வேலை கிடைத்துவிட்டதாம். அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லையாம்.