பாடு தப்பிய டிஸ்க்

எங்கள் வீட்டில் எல்லாம் ஒழுங்காக இருக்கும் ஐயா. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. மீஞ்சூரில் ஒரு கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். வீட்டில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர். அதற்குள் இரண்டு வர்ச்சுவல் மெஷின், ஒரே பெட்டிக்குள் இரண்டு தனிக் கம்ப்யூட்டர் மாதிரி, போட்டிருந்தேன். என் மனைவி கஸ்தூரிக்கு விண்டோஸ், எனக்கு லினக்ஸ். இரண்டுக்கும் பொதுவாக ஒரு டிஸ்க்.

அதை இரண்டு மெஷினும் ஒரே நேரத்தில் திறக்கக் கூடாது. ஒன்று எழுதுவது மற்றதற்குத் தெரியாமல், மேலே மேலே எழுதி எல்லாம் பாழாகிவிடும். இதைக் கஸ்தூரிக்குப் புரியவைக்க நான் சிரமப்படவில்லை. பழவேற்காட்டு ஏரியில் பாடு முறை பார்த்து வளர்ந்தவள். இன்று இவர்கள் வலை, நாளை அவர்கள் வலை; அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். உட்காரும் முன் கேட்பாள், "இன்னா மாமா, என் பாடா?"

அவள் பார்ப்பது ஒரே ஒரு வீடியோ. எங்கள் மகள் நந்தினி படகில் உட்கார்ந்து பாடுகிறாள். போன வருடம் பிள்ளை ஏரியில் மூழ்கிவிட்டாள். தனியாகப் படகை அவிழ்த்துக்கொண்டு போனாள் என்று ஊரில் சொன்னார்கள். நானும் ஆமாம் என்றேன். மிதந்து வந்த படகில் இதை எடுத்த போன் கிடந்தது. போன் பிறகு செத்துப்போனது, வீடியோ இருந்தது அந்தப் பொது டிஸ்க்கில் மட்டும்தான். பாட்டு முடியும்வரைகூடக் கஸ்தூரியால் பார்க்க முடியாது, அழுது, நிறுத்திவிடுவாள். எனக்கு நெஞ்சு வலிக்கும்.

பாட்டுக்குப் பிறகும் போன் பதிவு செய்துகொண்டேதான் இருந்தது. அதைக் கேட்டவன் நான் மட்டும்தான். என்றாவது அவளும் கேட்பாள். நேராக அழித்தால் யார் அழித்தது என்ற கேள்வி வரும். அதனால் இரண்டும் சேர்ந்து திறக்காதபடி இருந்த தடையை எடுத்துவிட்டு, என் மெஷினில் டிஸ்க்கைத் திறந்து எழுத விட்டேன். அவள் வந்து கேட்டபோது, "உன் பாடுதான்" என்றேன்.

வீடியோ வரவில்லை.

"நான் தொட்டுதான் போச்சு மாமா. எங்கொழந்த கொரல நானே அழிச்சிட்டேன்."

சோறு பிசைந்து ஊட்டினேன், வாங்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாவம், உனக்குந்தான போச்சு" என்றாள். அவள் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்வதைப் பார்க்கத் தாங்கவில்லை. அதனால்தான் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

பாட்டுக்குப் பிறகு இருந்தது இவ்வளவுதான். படகில் நானும் இருந்தேன், குடித்திருந்தேன். படகை வெடுக்கென்று திருப்பியதில் பிள்ளை விழுந்தாள். "நைனா, கை குடு" என்று கூப்பிட்டாள். குனிந்தால் படகு கவிழும் என்று நான் அசையவில்லை. கரையில் இறங்கி, வெறும் படகைத் திரும்பத் தண்ணீரில் தள்ளிவிட்டேன்.

நான் நல்ல அப்பா ஐயா. கஸ்தூரியைக் கேட்டுப் பாருங்கள், அவளே சொல்வாள்.