வெற்றுக் குடுவையை முதலில் விசாரித்தவர்க்கு

நச்சுப்பொருள் ஆய்வகத்தின் முதன்மைப் பகுப்பாய்வாளராய் விளங்கி இன்று பணிநிறைவு பெறும் அம்மையீர், துளியில் துலங்கும் உண்மையைத் துலாக்கோல் முள்ளென நடுநின்று உரைத்த தூயீர், ஆய்வகத்தார் அனைவரும் அன்பொடு வணங்கி அளிக்கும் மடல் இது.

"உங்களோடது அறிவியல் இல்லைங்க, அளந்து குடுக்குற வேலை" என்று, பார்வையிட வந்த பேராசிரியர் ஒருவர் நம் கூடத்தில் நின்று சொன்னார். அதற்கு மறுமொழி அவ்வாண்டு மழைக்காலத்தில், முத்திரையிட்ட சீசா ஒன்றனுள் வந்து சேர்ந்தது.

அண்ணனுக்கு நஞ்சிட்டான் என்று தம்பி சிறையிலிருந்தான். இறந்தவர் இரைப்பையில் ஆர்சனிக் உளதென நம் கருவி காட்டிற்று. மறுநாள் வழக்கு; அறிக்கைக்காக இன்ஸ்பெக்டர் வாசலில் நின்றார். இறந்தவரின் மனைவியோ நடைவழியில் அமர்ந்து, "என் கொழுந்தன் சோறு போட்டவன் மேடம், விஷம் போட்டவன் இல்ல" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணீருக்குக் கரையாமலும் கடுகடுப்புக்குக் கலங்காமலும் தாங்கள் கேட்டது ஒன்றே: வெற்றுக் குடுவை. மாதிரி ஏதும் இடாத குடுவையை, மாதிரியைக் கரைத்த அதே அமிலம், அதே சூடு, அதே கைகள் வழியே செலுத்திக் காண வேண்டும் என்றீர்கள்.

"அது நேத்தே பாத்தாச்சே மேடம், சுத்தமா இருந்துச்சு" என்றார் துணைப் பகுப்பாய்வாளர்.

"நேத்து வேற அமில பாட்டில். இன்னைக்குப் புதுசு திறந்திருக்கீங்க."

"காலிக் குடுவையிலயுமா கொலைகாரனைத் தேடுவீங்க?" என்று இன்ஸ்பெக்டர் நகைத்தார்.

"இல்ல சார். முதல்ல எங்களைத் தேடுறோம்."

அவ்வாறே செய்து பார்த்தோம். வெற்றுக் குடுவையிலும் ஆர்சனிக் எழுந்தது, அதே அளவில். கருவி கண்ட நஞ்சு நாம் வாங்கிய புது அமிலத்தினுடையது. தூய அமிலங்கொண்டு மீளச் செய்தபோது, மாதிரியும் வெற்றுக் குடுவையும் ஒன்றேபோல் வாய்மூடி நின்றன. அப்போதும் 'நஞ்சு இல்லை' என்றெழுதத் தாங்கள் உடன்படவில்லை; 'எம் முறை காணவல்ல அளவில் காணப்படவில்லை' என்றே எழுதினீர்கள்.

பிற துறைகள் பொருளை வினவும். பகுப்பாய்வு வேதியியலோ பொருளை வினவுமுன் தன்னையே வினவும். தன் கையையும் ஐயுற முறை வகுத்துக்கொண்ட ஒன்று அறிவியல் அன்றெனின், வேறு எதனை அறிவியல் என்போம்?

தேநீர்க் குவளையையும் மும்முறை கழுவச் சொன்னமையால், தங்கள் முதுகுக்குப் பின்னே 'சல்லடை' என்றோம். இனி முகத்துக்கு நேரேயும் சொல்வோம், சற்றே பெருமையுடன்.

நோயணுகா உடலும் நொய்மையுறாப் பார்வையும் நெடிய வாழ்நாளும் தங்கட்கு வாய்க்க. இம்மடலில் எங்கள் அன்பு கலந்துளது. வெற்றுக் குடுவை காட்டும் அளவை மாதிரியின் அளவிலிருந்து கழிப்பதுபோல் அதனையும் கழித்துவிடுங்கள். கழித்தபின்னும் எஞ்சுவதொன்றுண்டு: அந்தத் தம்பி இன்று அண்ணன் பிள்ளைகட்குச் சோறு போடுகிறான்.

இங்ஙனம்,
மும்முறை கழுவிய கையால் ஒப்பமிட்ட
ஆய்வகத்தார்