தறி ஓடும் ஊருக்கு ஒரு கிட்டார்

எடப்பாடியிலிருந்து சேலம் போகும் பகல் பஸ்ஸில், என் கைக்குழந்தைக்குக் காய்ச்சலா, வெறும் சூடா என்று நான் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். முன் சீட்டில் ஒரு பெண் கணவரிடம் சொன்னாள்:

"தறி ஓடுற ஊருல கரண்டை நம்பிக் கிட்டார் வாங்கக் கூடாதுங்க."

"மேடைக்கு எலக்ட்ரிக்தான் புள்ள எடுப்பு."

"போன கோயில் நோம்பியில ஊருல எல்லாக் கரண்டுத் தறியும் ஓடுனதும் பாதிப் பாட்டுல கரண்டு போச்சு. உங்க எடுப்பு கம்முனு ஆயிருச்சு. நான் ஒருத்தியாப் பாடி முடிச்சேன். இந்தத் தடவையும் அப்படின்னா, நம்ம பாட்டுக் குழுவை இனி ஆரு கூப்புடுவாங்க?"

"அப்ப வெறும் மரக்கிட்டாரே போதுமா?"

"ட்ரம்ஸ் அடிச்சா அது உங்களுக்கே கேக்காது. ஒயரு மாட்டுனா ஸ்பீக்கருல கேக்கோணும், கழட்டுனா தானாவும் கேக்கோணும். அப்படி ஒண்ணு வந்திருக்குதாமுங்க."

"குடமாட்டம் இருக்குமே, ஆரு சொமக்கறது?"

"நான் ரெண்டு புள்ளைய சொமக்கலீங்களா?"

அவர் சிரித்துவிட்டார். "சரி, நல்லதான்னு எப்படிப் பாக்கறது?"

"ஒயரு மாட்டாம கடைக்குள்ள வாசிங்க. நான் வெளிய செவ்வாய்ப்பேட்டைத் தெருவுல, உறுமுற லாரிக்குப் பக்கத்துல நின்னு பாடறேன். எனக்குக் கேட்டா அதுதான் நம்ம கிட்டார்."

"தெருவுலயா? பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க?"

"நோம்பிக்குக் கூப்புடோணும்னு நெனைப்பாங்க."