எதிர் வரிசைக் கை

கல்யாணமுமில்ல, காதுகுத்துமில்லீங்க அம்மணி. இந்தச் சீலையப் பாத்துட்டுக் கேக்கறீங்க. காலையிலிருந்து கேக்காத ஆளில்ல. கும்மிச் சீலைங்க இது. வள்ளி கும்மி. கோபி பக்கத்துல கோயல் நோம்பி, இன்னைக்கு எங்க செட்டுக்கு அரங்கேத்தம். சின்னப் புள்ளைங்கள்ல இருந்து பல்லுப் போன கெழவி வரைக்கும் பொம்பளைங்க அத்தன பேரும் இதே மாம்பழக் கலரு, இதே சேப்புக் கரை. தூரத்துல நின்னு பாத்தா ஆளு தெரியாது. கலரு மட்டும் முன்னால போகும், பின்னால வரும்.

மத்தவங்களா? வேன்ல போயிட்டாங்க. எடமெல்லாம் இருந்துச்சுங்க. நாந்தான் ஏறல. பங்காரம்மான்னு என்ற பக்கத்தூட்டுக்காரி, ஜன்னல்ல தலைய நீட்டி நீட்டிக் கூப்புட்டா. நீ போடின்னு கையக் காட்டிட்டு ஓடியாந்து இந்தப் பஸ்ஸப் புடிச்சேன். எதுக்குன்னு சொல்றேன், இருங்க. நீங்க காந்திபுரமுங்களா? நமக்குக் கருமத்தம்பட்டி. தெக்கலூர் வந்தா மட்டும் ஒரு வார்த்த சொல்லுங்க, பேச்சுல உட்டுப்போடுவேன். பேசறதுக்கு ஒராளு கெடச்சா எனக்கு வாய் நிக்காது.

ஊட்டுலீங்களா? மக மோகனப்பிரியா பெங்களூர்ல இருக்கறா. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம போன் பண்ணுவா. ஊட்டுக்காரரு இருக்கறாருங்க. நல்லாத்தான் இருக்கறாரு. டிவிய அலற உட்டுட்டு உக்காந்திருப்பாரு. பேச்சுத்தான் இல்ல.

இன்னைக்கு நேத்தா? வருசக்கணக்காச்சுங்க.

சிரிப்பா இருக்குதுங்களா? சிரிங்க, நானுமே சிரிப்பேன். எங்களுக்குத் தறி ஓடுச்சுங்க. பவர்லூம். நீங்க தறிக்குடோனுக்குள்ள போயிருக்கீங்களா? பேச முடியாதுங்க. காதுகிட்ட வந்து கத்துனாலும் கேக்காது. எல்லாம் கைச்சாடைதான். நூல் அறுந்துபோச்சுன்னா ரெண்டு வெரல இப்பிடிப் பிரிச்சுக் காட்டோணும். டீ வந்துட்டுதுன்னா கட்ட வெரலு. ஊட்டுக்குப் போலாம்ன்னா, பாருங்க, ரெண்டு உள்ளங்கையும் கூரையாட்டம் சாச்சு வெக்கறது. கல்யாணமான நாள்ல இருந்து அப்பிடித்தான் குடும்பம் நடத்துனோம். கூட ஆளு வெச்சுக்கல, அவரு அக்கட்ட, நான் இக்கட்ட. அவரு கண்ணத் தூக்கிப் பாத்தா எனக்கு வெளங்கீரும், எந்தத் தறியப் பாக்கச் சொல்றாருன்னு.

ஒரு நாளு அவினாசியில ஒறம்பரை, சொந்தக்காரங்க ஊட்டுக்குப் போயிட்டு வாரேன். தெருமுக்கு திரும்பறப்பவே தெரிஞ்சுபோச்சு. சத்தமில்ல. தறிய அத்தனையும் ஒடைச்சு லாரியில ஏத்தி உட்டுட்டாருங்க. கட்டுபடியாகலதான், நான் இல்லைங்கல. ஏனுங்க, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லோணும்னு தோணலையான்னு கேட்டேன். உனக்கென்ன தெரியும்னு சொல்லிப்போட்டாரு. செரி, எனக்கு ஒண்ணுந் தெரியாது, இனி நான் பேசுனா ஏன்னு கேளுங்கன்னு நானுஞ் சொல்லிப்போட்டேன். அவ்வளவுதானுங்க சண்டை. மொதல்ல ரோசத்துல நின்னுச்சு, பொறகு பழக்கத்துல நின்னுச்சு. சோத்த வெச்சா திம்பாரு. துணியத் தொவச்சு வெச்சா எடுத்துப் போட்டுக்குவாரு. தறிச் சத்தமும் இல்ல, பேச்சும் இல்ல. கொழாயில தண்ணி சொட்டறது கேக்கும் பாருங்க, அதையே எத்தனையோ நாளு உக்காந்து கேட்டிருக்கறேன்.

இப்பிடியே உட்டா நீ செவுத்தோட பேச ஆரம்பிச்சுருவேன்னு சொல்லி, பங்காரம்மாதான் என்னையக் கும்மிக்கு இழுத்துட்டுப் போனா. சாயங்காலம் பொழுதோட மாரியம்மன் கோயல் களத்துல பழகுவாங்க. கதிர்வேல்னு வாத்தியாரு, தொண்டாமுத்தூர்க்காரரு. ராத்திரி ஆனை வந்து தென்னையச் சாச்சுப்போட்டுதுன்னு அப்பப்ப வராம நின்னுக்குவாரு. வாத்தியாரே, ஆனையவும் கூட்டிட்டு வாங்க, பின் வரிசையில எடமிருக்குதுன்னு பங்காரம்மா கேலி பண்ணுவா.

அவரு ஆளு நிறுத்தற முறையே வேறைங்க. ஒசரம் பாக்க மாட்டாரு, வயசு பாக்க மாட்டாரு. ஒவ்வொருத்தரையா கூப்புட்டு, உங்க போக்குக்கு அடிங்கம்பாரு. கண்ண மூடிக்குவாரு. கைச்சத்தத்த மட்டும் கேப்பாரு. ஒரே மாதிரி சத்தம் வர்ற ரெண்டு கைய எதிரெதிர் வரிசையில நிறுத்துவாரு. அப்பத்தான் ரெண்டு வரிசையும் கூடறப்ப அடி செதறாதும்பாரு. என்ற கையக் கேட்டுட்டு, ஆம்பளைங்க பக்கத்துலிருந்து ஒருத்தரக் கொண்டாந்து எனக்கு எதிர்ல நிறுத்துனாரு. இந்த ரெண்டும் ஒரு தறியில நெய்ஞ்ச துணியாட்டம் இருக்குதுன்னு வேற சொன்னாரு. பங்காரம்மா முந்தானையில வாயப் பொத்தீட்டா. அவ ஊட்டுக்காரரு கோவிந்தராஜுலு அந்தப்பக்கம் திரும்பி நின்னு இருமறாரு. வெளியூர் வாத்தியாரு, அவருக்கென்ன தெரியும்.

எதுக்குச் சிரிச்சாங்களா? சொல்றேன், அவசரப்படாதீங்க.

அந்த எதிர்க்கை இருக்குதுங்களே, அதும் தறி ஓட்டுன கைதான். எங்கூர்ல யாரு ஓட்டல. சத்தம் கெட்டியா உழுகும். ஆனா அவரு வாத்தியாரப் பாக்கவே மாட்டாருங்க. வலது காலு, எடது காலுன்னு அவரு தொண்ட தண்ணி வத்தக் கத்துவாரு, இவரு பார்வை என்ற கை மேலயே நிக்கும். நான் கைய எடுத்தா எடுப்பாரு, கால மாத்துனா மாத்துவாரு. என்னம்மணி, ஒரு மாதிரி பாக்கறீங்க! அட, அதெல்லாம் ஒண்ணுமில்ல. ஒரு நாளு ஒரு வார்த்த பேசுனதில்லீங்க, நானும் பேசுனதில்ல, அவரும் பேசுனதில்ல.

இன்னொரு கூத்து கேளுங்க. பழகற காலத்துல ஒருக்கா கரண்டு போயிருச்சு. மைக்கு நின்னுது. லைட்டு போச்சு. உடனே நாங்க அத்தன பேரும் கையத் தொங்கப் போட்டுட்டு நிக்கறோம். ஒருத்தர் பாக்கியில்ல. வாத்தியாரு வெறிச்சுப் பாக்கறாரு. ஏனுங்க, மைக்குக்குத்தான் கரண்டு வேணும், உங்க கைக்குமா வேணும்னாரு. தறிக்காரங்க புத்திங்க அது! கரண்டு போனா தறி நிக்கும், தறி நின்னா கை நிக்கும், கை நின்னா வெளிய போயி காத்தாட உக்காருவோம். பழகிப்போன கை. பாதிப் பேரு வெளிய போக நடையே கட்டிப்போட்டாங்க. அன்னைக்குச் சிரிச்ச சிரிப்பு இருக்குதே!

நல்லாருக்கும்ங்க அங்க. எப்பிடின்னு எனக்குச் சொல்லத் தெரியல. ஆரம்பத்துல பொரி பொரியறாப்புல இருக்கும், அங்கொண்ணு இங்கொண்ணு சடசடன்னு. வாத்தியாரு திட்டிட்டே இருப்பாரு. அப்பறம் எப்பன்னு யாருக்கும் தெரியாது, ஒரு நேரத்துல பட்டுன்னு ஒரே சத்தமாயிரும். அத்தன கையும் சேந்து பெரிய கதவ ஒருக்காச் சாத்துனாப்புல. மறுக்கா அதே கதவு. மறுக்கா. வாத்தியாரும் திட்டறத நிறுத்திருவாரு. அப்ப என்ற கை எதுன்னு எனக்கே தெரியாது. மூச்சக்கூட யாரோ எனக்காக வாங்கி உடறாப்புல இருக்கும். மூட்டு வலியில்ல, ஒண்ணுமில்ல. அடுத்த அடி எதுன்னு ரோசனையே வராது, காலு அங்க போயி நின்னிருக்கும். அழுகையாட்டமும் வரும், சிரிப்பாட்டமும் வரும்.

முடிஞ்சு ஊட்டுக்கு வந்து கதவத் தொறந்தா அதுக்குள்ள டிவி கத்தீட்டுக் கெடக்கும். உள்ளங்கை ரெண்டும் கபகபன்னு எரியும். அப்பிடியே மடியில வெச்சுட்டு உக்காந்துக்குவேன். அந்த எரிச்சல் ஆறிப்போயிருமேன்னு இருக்கும்.

இன்னைக்கோட அதும் முடிஞ்சுதுங்க. அரங்கேத்தமாயிட்டா செட்டக் கலைச்சுருவாங்க. வாத்தியாரு வேற ஊருக்குப் போயிருவாரு. காலையில சீலையக் கட்டறப்பவே எனக்கு வெசனமா இருந்துச்சு, நாளைக்குப் பொழுதோட நான் எங்க போயி நிக்கறதுன்னு.

ஆடுனதுங்களா? ஆடுனோம். களம் நெறையச் சனம். வெய்யல் ஏறுது, பாட்டு ஏறுது, வாத்தியாரு மைக்குல எடுத்துக் குடுக்கக் குடுக்க நாங்க வாங்கிப் பாடறோம். அடி வேகமாகற எடம். அங்க வந்து டப்புன்னு மைக்கு நின்னுபோச்சு. கரண்டு.

நின்னுருச்சுங்க அம்மணி, எங்க கையும். அத்தன சனத்துக்கு முன்னால. அத்தன நாளு பழகி, அத்தன நாளு திட்டு வாங்கி. தவில்காரருகூட எங்களப் பாத்துட்டு குச்சியத் தூக்குனவாக்குல நிக்கறாரு. பின்னாலயிருந்து யாரோ விசிலடிச்சான்.

பட்.

எதிர் வரிசையில ஒரு கை. அந்த ஒராளு மட்டும் நிறுத்தல. அடிக்கத் தூக்கிப் பாதியில நின்னுபோன என்ற கையப் பாத்துட்டே அடிக்கறாரு. எங்கை தானா அசஞ்சுச்சுங்க. சேத்தேன். அவரு ஒண்ணு, நான் ஒண்ணு. அந்தப் பெரிய களத்துல வேற சத்தமே இல்ல, எங்க நாலு கைதான். எத்தன நேரமோ தெரியாது. பொறகு பங்காரம்மா சேந்தா. அவளுக்கு அக்கட்ட ஒருத்தி. தவிலு சேந்துச்சு. வாத்தியாரு வெறுந்தொண்டையில எடுத்தாரு, மைக்கே வேண்டியில்ல, அத்தன பேரும் ஒரே கொரலா வாங்கறோம். பாக்க வந்த சனமும் அடிக்குது. பட்டு, பட்டுன்னு கதவு சாத்துது. அம்மணி, நான் உசுரோட இருக்கறேன்னு அப்பத்தான் தோணுச்சு. கரண்டு மறுக்கா வந்ததையே யாரும் பாக்கல.

இருங்க, சித்த தண்ணி குடிச்சுக்கறேன்.

பொறகு பந்தி போட்டாங்க. மொதப் பந்தி ஆம்பளைங்க. நான் கையில சொம்போட பக்கத்துலதான் நிக்கறேன். வாத்தியாரு அந்த எதிர்க்கைக்காரரு எலைக்கு முன்னால வந்து, ஐயா, செட்டோட மானத்தக் காப்பாத்திப்போட்டீங்க, எல்லாரும் நின்னுட்டாங்க, நீங்க மட்டும் எப்பிடிங்க நிறுத்தாம அடிச்சீங்கன்னு கேக்கறாரு. அவரு பாட்டுக்கு ரசத்தப் பெசஞ்சுட்டிருக்கறாரு. மறுக்கா கேட்டாரு. நிமுரவே இல்ல. கோவிந்தராஜுலு தோளத் தட்டி, காதுல வாய வெச்சுக் கத்துனாரு. அதுக்கு அவரு என்ன சொன்னாருங்கறீங்க?

கரண்டு போச்சா, எப்பன்னாரு.

பந்தியே சிரிச்சுது. கோவிந்தராஜுலுவும் சிரிச்சுட்டே சொல்றாரு, இவருக்குக் காது அடைச்சு ரெண்டு மூணு வருசமாச்சுங்க வாத்தியாரே, தறிச்சத்தம் தின்ன காது, வெளிய சொல்ல மாட்டாரு, எதிர்ல இருக்கற கையப் பாத்துத்தான் இத்தன நாளும் அடிச்சாருன்னு. அவருக்கு ஒண்ணுங் கேக்கல, ஆனா எல்லாரும் தன்னையப் பாத்துத்தான் சிரிக்கறாங்கன்னு தெரிஞ்சுபோச்சு. பாயசத்துக்கு நிக்கல. எலைய மூடிட்டு எந்திரிச்சு, வேனுக்கும் நிக்காம, வெய்யல்ல பஸ் ஸ்டாண்டப் பாத்து நடந்துட்டாரு.

அதுக்கு நீங்க எதுக்குங்க கண்ணத் தொடைக்கறீங்கன்னு கேக்கறீங்க. நாயந்தான்.

போன தை நோம்பியன்னைக்கு என்ற ஊட்டுக்காரரு ஊட்டுக்குப் பின்னால பொடக்காலீல கால் கழுவிட்டிருந்தாரு. அந்தப்பக்கம் திரும்பி. நோம்பி நாளாச்சே, எத்தன காலத்துக்கு இப்பிடியேன்னு, நானே போயி பின்னால நின்னுட்டு, பொங்கல் ஆறுது, சாப்புட வாங்கன்னேன். அத்தன வருசத்துக்குப் பொறகு. திரும்பல. மறுக்கா சொன்னேன். தண்ணிய மோந்து மோந்து கால்ல ஊத்தீட்டே இருக்கறாரு. பொங்கலக் கொண்டு போயி மாட்டுத் தாழீல கொட்டிட்டு, சாகற வரைக்கும் இனி இந்த வாய் தொறக்காதுன்னு படுத்துட்டேன். டிவிய அலற உடறாரே, அதும் என்ற மேல இருக்கற கோவத்துலன்னுதான் நெனச்சேன்.

இல்லீங்க அம்மணி, பேச்ச மாத்தல. ரெண்டும் ஒராளுதானுங்க. அவரக் கோவிந்தராஜுலு இழுத்தாந்தாரு, புருசன் பொஞ்சாதியவே எதிரெதிர்ல நிறுத்துனதுக்குத்தான் அன்னைக்கு அவங்க சிரிச்சாங்க.

அந்தா, முன்னால, டிரைவருக்குப் பின்னால மூணாவது சீட்டு. நீலத் துண்டு. நான் ஏறுனது தெரியாது, திரும்பிப் பாக்கற ஆளில்ல. இது தெக்கலூருங்களா? செரி. கண்டக்டரு கருமத்தம்பட்டின்னு கத்துனா அவருக்குக் கேக்காது, அவரு பாட்டுக்கு உங்க கூட காந்திபுரம் வந்துருவாரு. நானும் இங்கிருந்து கூப்புட்டுப் பிரயோசனமில்ல. முன்னால போயி நின்னு, ஊட்டுக்குப் போலாம்ன்னு காட்டோணும்.

காலச் சித்த ஒதுக்குங்க. இந்தப் பைய நீங்களே புடிச்சுட்டு, எறங்கறப்ப ஜன்னல் வழியா நீட்டிருங்க. அதுக்கு எனக்கு ரெண்டு கையும் வேணுமுங்க.