மாப்பிள்ளையின் சட்டையும் மூன்று இரும்பும்

மணவிழாப் பந்தலை மாண்புறச் செய்யும் தலைவர் ஆவுடைநாயகம் அண்ணாச்சி அவர்களே, இலஞ்சியின் ஈடில்லாப் பெரியோர்களே, பந்திக்கு இலை போட்டாயிற்றா என்று எட்டிப் பார்க்கும் ஏந்தல்களே, எட்டிப் பார்க்காமலே அறிந்துவிட்ட தாய்மார்களே, வணக்கம்.

இந்தக் கல்யாணம் நின்றுபோக இருந்தது. காரணம் ஜாதகமா? இல்லை. சீரா? இல்லை. வாடை, ஐயா, வாடை.

மாப்பிள்ளை சிவசைலம் பெங்களூரில் ஆராய்ச்சி செய்கிறார். மூன்று இரும்பணுக்கள் கைகோத்து நிற்குமாம். சுற்றிலும் கார்பனைல் என்னும் காவற்கூட்டம். பாஸ்பீன் என்னும் பாஸ்பரஸ் சேர்மத்தை அதனோடு சேர்ப்பது இவர் வேலை. அந்தப் பாஸ்பீன் நாற்றம் இருக்கிறதே, பூண்டும் கருவாடும் கூடிப் பெற்ற பிள்ளை. அதை ஆராய்ந்த சட்டையோடே இறங்கினார், மணமகளின் தகப்பனார், வெங்காயம்கூட நுழையாத தில்லைநாயகம் பிள்ளை வீட்டுக்குப் பெண் பார்க்க.

பிள்ளைவாள் என்னை ஓரங்கட்டினார். “வே, சைவம்னு சொன்னீரு. மாப்பிள்ள மேல கருவாட்டு வாடல்லா அடிக்கி?”

“அது இரும்புக்குள்ள சேக்குத பாஸ்பீன் அண்ணாச்சி, பாஸ்பரஸ்.”

“வயலுக்குப் போடுத உரமா? அத எதுக்குவே மேல பூசிட்டு வந்தான்?”

தரகு பார்த்த அடியேன் என்ன செய்தேன்? குற்றாலத்துக்கு இழுத்துப்போய் அருவியில் நிறுத்தினேன். சந்தனம் அரைத்துப் பூசினேன். சட்டையை மாற்றினேனா? இல்லையே. அவரிடம் இருந்தது அது ஒன்றுதான் நல்ல சட்டை. சந்தனம் பூசிய பூண்டாகத் திரும்பி வந்தார் மாப்பிள்ளை. பிள்ளைவாள் தாம்பூலத் தட்டை உள்ளே எடுத்துப்போகச் சொல்லிவிட்டார்.

(என்ன தம்பி, சாம்பார் ஆறுகிறதா? ஆறட்டும். சூட்டைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன்.)

அப்போது கதவுக்குப் பின்னிருந்து ஒரு குரல். மணமகள் மங்களேஸ்வரி. “அந்தப் பாஸ்பீன் உள்ள போயி என்ன செய்யும்னு கேளுங்க.”

மாப்பிள்ளைக்கு உயிர் வந்தது. “பதமாச் சூடு பண்ணுனா ஒரு கார்பனைல் எடத்த அது பிடிச்சுக்கிடும். எடம் போன கார்பனைல் வாயுவா வெளிய போயிரும். சூடு மிஞ்சுனா மூணு இரும்பும் தனித்தனியாப் பிரிஞ்சிரும்.”

“சரி. ஒங்க வீட்லயும் நீங்க, அத்தை, மாமான்னு மூணு பேரு. நான் உள்ள வந்தா வெளிய போறது எது?”

மாப்பிள்ளையின் தாயார் முகம் சுண்டியது. சிவசைலம் குனிந்து பார்த்துச் சொன்னார்: “இந்தச் சட்டை.”

உள்ளே வளையல் குலுங்கியது. “அப்ப சம்மதம். ஆனா சூட்ட நான்தான் பாத்துக்கிடுவேன். மூணு பேரும் பிரியக் கூடாதுல்லா?”

தில்லைநாயகம் பிள்ளை ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறு கையால் தாம்பூலத் தட்டை நீட்டினார்.

சேர்வதற்குச் சூடு வேண்டும், சிதறாதிருக்கப் பதம் வேண்டும். பட்டம் பெறப்போகும் பிள்ளைக்குக் கிடைத்தது சூடு. பதம் பார்க்க வாய்த்தவள் நம் மங்களம். வாழ்க இருவரும், வாழ்க அந்த மூன்று இரும்பும்.

வெளியேறிய சட்டை எங்கே என்கிறீர்களா? என் மரவள்ளிக் கொல்லையில் கம்பில் தொங்குகிறது. காட்டுப்பன்றி எட்டிப் பார்ப்பதில்லை. என் வீட்டுக்காரியும் அந்தப் பக்கம் வருவதில்லை, நிம்மதியாக இருக்கிறேன்.

பொறுத்துக் கேட்ட செவிகளுக்கும், அன்று பொறுத்துக்கொண்ட மூக்குகளுக்கும் நன்றி. இலை காத்திருக்கிறது, வணக்கம்.