வாசல் பெட்டியில் பதினோரு முடிச்சு

ஓடுகிறேன். இடுப்பில் மகள் வள்ளி. கால் செருப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. பின்னால் ஊரே ஓடி வருகிறது.

"படுங்கடா! படுங்க! சப்பான்காரன் குண்டு போட்டுட்டான்!"

"வாய்க்கால்ல எறங்கு! புள்ளயத் தூக்கினு இன்னாடா நிக்கிற?"

இறங்குகிறேன். வள்ளியை அடியில் போட்டு மேலே கவிழ்ந்து படுக்கிறேன். முதல் சத்தம் அப்போதுதான் அடங்கியிருந்தது. தார்ப் பீப்பாயை மேட்டிலிருந்து உருட்டிவிட்டது போன்ற சத்தம். இரண்டாவது சத்தத்தை என் காது கேட்கவில்லை. நெஞ்சு கேட்டது. வாய்க்கால் தண்ணீர் எழும்பி முகத்தில் விழுந்தது. பிறகு சூடு. முதுகில் அடுப்பைக் கவிழ்த்தது போல.

அது மாசி மாதம். அமாவாசை. விளக்கு வைக்கும் நேரம். அறுப்பு முடிந்து களத்தில் வைக்கோல் போர் போட்டுக்கொண்டிருந்தோம். வானத்திலிருந்து ஓடு விழுகிறது. பலகை விழுகிறது. எரிகிற துணி விழுகிறது. போர் ஒவ்வொன்றாகப் பற்றுகிறது. கோகிலாம்பாள் கோயில் மணி யாரும் இழுக்காமலே அடித்தது என்று பிறகு சொன்னார்கள். நான் கேட்கவில்லை. கேட்டதை மட்டும் எழுதுகிறேன்.

தலையைத் தூக்கிப் பார்க்கிறேன். ஆகாயத்தில் விமானம் இல்லை. புகை மட்டும். புகைக்கு அடி எங்கே என்று தேடுகிறேன். ஆற்றங்கரை. வாணக் கொட்டடி.

என் மனைவி செங்கேணி அங்கே இருக்கிறாள்.

அந்தக் கொட்டடியில் முன்பெல்லாம் திருவிழாவுக்கு வாணம் கட்டினார்கள். சண்டை வந்தது. பட்டணத்து முதலாளி பாறை உடைக்கிற வெடிமருந்து செய்யச் சொன்னார். எங்கள் பிரெஞ்சு எல்லைக்கு அந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன் பட்டாளத்துக்கு ரோடு போட்டார்களாம். மருந்துப் பெட்டி கூரை வரைக்கும் அடுக்கி நின்றது. அரிசி கிடைக்காத காலம். எங்கள் பக்கத்துப் பெண்கள் வேலைக்குப் போனார்கள். செங்கேணியும் போனாள்.

அங்கே கட்டுப்பாடு பலம். மேஸ்திரி ஏகாம்பரம் கண்டிப்பான மனிதர். உள்ளே இரும்பு, வெள்ளி எதுவும் போகக் கூடாது. உரசினால் பொறி வரும். பெண்கள் மெட்டியையும் வளையலையும் கழற்றிக் கந்தலில் முடிந்து, வாசலில் இருக்கும் மரப்பெட்டியில் போட வேண்டும். சாயங்காலம் அவரவர் முடிச்சை எடுத்துக்கொள்ள வேண்டும். புருஷன் இருக்கும்போது மெட்டியைக் கழற்றுவதா என்று முதலில் அழுதார்கள். பிறகு பழகிவிட்டது. ஆண்களிடம் பீடி, தீப்பெட்டி வாங்கிவைப்பார். மடியைத் தடவிப் பார்ப்பார்.

அன்று காலை செங்கேணி மாட்டுக்கொட்டகைக் கூரையைக் காட்டினாள்.

"யோவ், அந்தப் பெரிய பூசணிக்காயப் பறிச்சிக் குடுய்யா. இன்னிக்கி அமாவாச. மேஸ்திரி கேட்டாரு."

"கொழம்புக்கு வுட்டு வெச்சிருந்தேன்டி."

"கொழம்பு வெச்சா நீ ஒருத்தன் தின்னுவ. சுத்திப் போட்டா எல்லாத்துக்கும் நல்லது. போன மாசம் ரெண்டு பேருக்குக் கை வெந்துச்சே, மறந்துட்டியா?"

அடுத்த வீட்டு அந்தோணியம்மாள் தூக்குவாளியோடு வந்து நின்றாள். இரண்டு பேரும் சேர்ந்துதான் வேலைக்குப் போவார்கள்.

"ஏண்டி, உங் காயி எங்க மாதா புள்ளைங்களுக்கும் சேத்தா, உங்களுக்கு மட்டுமா?"

"உந் தலய மட்டும் ரெண்டு தரம் சுத்தச் சொல்றேன். வாயி அடங்குதா பாக்கலாம்."

சிரித்துக்கொண்டே போனார்கள். காய் கனம். செங்கேணி அதைப் பிள்ளையைப் போல இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். நான் கடைசியாகப் பார்த்தது அதுதான்.

வள்ளியை வாய்க்காலில் ஒரு பெண்ணின் மடியில் போட்டுவிட்டு ஓடுகிறேன். எல்லாரும் தடுக்கிறார்கள். "போவாதடா! இன்னொன்னு போடுவான்!" ஓடுகிறேன். தென்னை மரங்கள் தலையில்லாமல் நிற்கின்றன. ஒரு வண்டி மாடு நுகத்தடியோடு கிடக்கிறது. உயிர் இருக்கிறது. கண்ணைத் திறந்து பார்க்கிறது. நிற்கவில்லை. தாயே கோகிலாம்பா, தாயே கோகிலாம்பா. வேறு சொல் வாயில் வரவில்லை.

கொட்டடி இருந்த இடத்தில் பள்ளம். ஆற்று மணலில் ஆட்களைக் கொண்டுவந்து போடுகிறார்கள். கதவுப் பலகையில், கோணியில், வெறும் கையில். மூன்றாவது சத்தம் வந்தது. சின்னது. கூரை ஏதோ சரிந்தது. யாரும் படுக்கவில்லை. படுக்கத் தெம்பு இல்லை.

தேடுகிறேன். முகம் கருகியிருந்தது. எல்லா முகமும் ஒரே முகம். கால் விரலைப் பார்க்கிறேன். மெட்டி இல்லை. எந்தக் காலிலும் மெட்டி இல்லை. கையில் வளையல் இல்லை. அப்போதுதான் புரிந்தது. அடையாளம் எல்லாம் பெட்டியில் இருக்கிறது. எவன் மனைவி எவள் என்று எங்களுக்குத் தெரியவில்லை. என்னோடு தேடியவர்களும் காலைத்தான் பார்த்தார்கள். பார்த்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

அந்தோணியம்மாள் வேலியோரம் உட்கார்ந்திருந்தாள். காதில் ரத்தம். அவள் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

மாதா மாதம் அமாவாசைக்குப் பூசணிக்காயை ரோட்டில் வைத்துத்தான் சுற்றி உடைப்பார்கள். புங்கமரத்துக்கு அப்பால். வெகுதூரம். ஆனால் அப்போது இருட்டடிப்பு உத்தரவு இருந்தது. பொழுது சாய்ந்தால் வெளியில் வெளிச்சம் தெரியக் கூடாது. போன அமாவாசைக்குக் கற்பூரம் ஏற்றியபோது ரோந்து வந்த பிரெஞ்சுப் போலீஸ் சொல்தா ஒருவன் மேஸ்திரியைக் கெட்ட வார்த்தையில் திட்டி, காயை உதைத்துத் தள்ளிவிட்டான். அதனால் இந்தத் தடவை மதிலுக்கு உள்ளே வைத்தார்கள். பெட்டி கட்டுகிற கொட்டகைக்கு எதிரே. அங்கே மண்ணெல்லாம் மருந்துத் தூள். பெருக்கினாலும் போகாத தூள்.

"நானு வாசல்ல நின்னுனு இருந்தேன்ணா. உங்க பூசைன்னு ஒதுங்கி நின்னேன். காயிமேல கற்பூரம் நல்லா எரிஞ்சிது. 'அல்லாரும் கும்புட்டுக்கங்கம்மா'ன்னாரு மேஸ்திரி. செங்கேணி என்னயப் பாத்து, 'வாடி, ஒனக்குந்தான்'னா. காயப் போட்டு ஒடச்சாரு. கற்பூரம் உருண்டுச்சி. அவ்ளோதாண்ணா."

மேஸ்திரி மேல் எனக்குக் கோபம் இல்லை. தீப்பெட்டியை வாசலில் வாங்கிவைத்தவர். பீடிக்காக மடியைத் தடவிப் பார்த்தவர். கற்பூரத்தை உள்ளே விட்டார். அது நெருப்பு என்று யாருக்கும் தோன்றவில்லை. சாமி என்றுதான் தோன்றியது. எனக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

மறுநாள் சொல்தாக்கள் வந்தார்கள். சண்டைக் காலம், வெளியில் பேசக் கூடாது என்றார்கள். முதலாளி வரவில்லை. மணலில் கிடந்தவர்களை ஒன்றாக எரித்தோம். மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரர்கள் யார் என்று பிரிக்க முடியவில்லை. அவர்களுடைய சாமியார் வந்து அவருடைய ஜெபத்தைச் சொன்னார். எங்கள் ஆட்கள் தேவாரம் சொன்னார்கள். யாரும் தடுக்கவில்லை.

வாசல் பெட்டி பிழைத்திருந்தது. மதிலின் ஒரு மூலை அதன் மேல் சாய்ந்து, அதைக் காப்பாற்றியிருந்தது. அந்தோணியம்மாள் திறந்தாள். தன் முடிச்சை எடுத்துக்கொண்டாள். உயிர் தப்பிய மற்றவர்களும் எடுத்துக்கொண்டார்கள். மீதியை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினாள். கந்தலைப் பார்த்தே யாருடையது என்று அவளுக்குத் தெரியும். என் பழைய வேட்டிக் கரையைக் காட்டினாள். வாங்கிக்கொண்டேன். அதை மணலில் வைத்துத்தான் செங்கேணிக்குக் காரியம் செய்தேன்.

இன்றும் கோயிலுக்குப் போகிறேன். தீபாராதனைக்குக் கண்ணை மூடிக்கொள்கிறேன். வீட்டில் வள்ளி ஏற்றுவது எண்ணெய் விளக்கு மட்டும்தான்.

போனவர்கள் கணக்கு இது. மேஸ்திரி ஏகாம்பரம். மருந்து இடித்த ஆண்கள் நாலு பேர். வண்டிக்காரர் ஒருவர், அவருடைய இரண்டு மாடு. களத்தில் எட்டு வைக்கோல் போர். பெண்களை நாங்கள் முடிச்சை வைத்துத்தான் எண்ணினோம். பதினோரு முடிச்சு. பத்துக்கு ஆள் வந்தது. ஒன்று, நீலக் கந்தல், கரையாம்புத்தூர்க்காரி ஒருத்தியுடையது. அவள் புருஷனும் உள்ளே மருந்து இடித்தவன். அதைக் கேட்டு இதுவரை யாரும் வரவில்லை. அந்தோணியம்மாள் வீட்டில் மாதா படத்துக்குக் கீழே இருக்கிறது.